லெவியத்தன் வேக்ஸ் பாதில நிக்குது, ஒன்பது புக் தாங்குமா? (ஸ்பாய்லர் பார்த்துப் போடுங்க)

#1 தயிர்சாதம்_டப்பா
வணக்கம் மக்களே. எக்ஸ்பேன்ஸ்ங்கிற விண்வெளி நாவல் வரிசைல முதல் புக், லெவியத்தன் வேக்ஸ், ஆரம்பிச்சு மூணு வாரம் ஆகுது. ஆபீஸ் பஸ்ல காலைல மட்டும்தான் படிக்க முடியும், சாயங்காலம் உக்காந்த உடனே தூங்கிடுவேன், அதனால நாளைக்கு பத்து பதினஞ்சு பக்கம்தான் நகருது. ஆரம்பத்துல ஜூலின்னு ஒரு பொண்ணை கப்பல்லயே ஒரு லாக்கருக்குள்ள போட்டு பூட்டி வச்சிருப்பாங்களே, அதைப் படிச்சுட்டு இருந்தப்ப என் ஸ்டாப்பே போயிடுச்சு, அடுத்த ஸ்டாப்ல இறங்கி வெயில்ல நடந்து வந்தேன். அப்புறம் ஆபத்து சிக்னல் கேட்டு வழியை மாத்திப் போன ஐஸ் கப்பல் கேன்டர்பரி வெடிச்சது. சரி, இனிமே நிக்காதுன்னு நினைச்சேன்.

ஆனா அதுக்கப்புறம் ஒரு சாப்டர் ஹோல்டன் (அந்தக் கப்பல்ல இருந்து தப்பிச்சவன்), ஒரு சாப்டர் மில்லர் (செரஸ் குறுங்கோள்ல போலீஸ்)னு மாத்தி மாத்திப் போகுது. ஹோல்டன் பக்கம் சூடு பிடிக்கும்போது டக்குனு வெட்டி, செரஸ்ல மில்லர் தொப்பியை சரி பண்ணிட்டு நிக்கிறாரு. இப்போ ஹோல்டன் கோஷ்டி மார்ஸ் நேவியோட பெரிய கப்பல் டானஜர்ல கைதி மாதிரி இருக்கு, நானும் அங்கயே நிக்கிறேன். மொத்தம் ஒன்பது புக்காமே? வாங்கி அடுக்கிட்டு தூசி தட்டுறதுல எனக்கு ஏற்கனவே நல்ல அனுபவம் உண்டு. இது தாங்குமா, இல்ல முதல் புக்கோட நிறுத்திக்கலாமா? இன்னொரு சந்தேகம், கப்பல்ல வேலை பாக்குறவங்க யாராச்சும் இங்க இருந்தா சொல்லுங்க, ஆபத்து சிக்னல் வந்தா நிஜமாவே போற வழியை விட்டுட்டு போய்த்தான் ஆகணுமா? மொத்தக் கதையும் அதுல இருந்துதானே கிளம்புது.

#2 ராத்திரி_ரயில்
டப்பா, நிறுத்தாதே. நான் ஒன்பதும் முடிச்சவன். முதல் புக் 2011, கடைசி புக் லெவியத்தன் ஃபால்ஸ் 2021, பத்து வருஷத்துல சொன்ன மாதிரி கதையை முடிச்சுக் குடுத்துட்டாங்க, அதுவே இந்தக் காலத்துல பெரிய விஷயம். ஜேம்ஸ் எஸ்.ஏ. கோரின்னு அட்டைல போட்டிருக்கும், அது ஒரு ஆள் இல்ல, ரெண்டு பேர். டேனியல் ஏப்ரஹாம், டை ஃபிராங்க். இதுல ஃபிராங்க் யாரு தெரியுமா, கேம் ஆஃப் த்ரோன்ஸ் கதையை எழுதின ஜார்ஜ் ஆர்.ஆர். மார்ட்டின்கிட்ட உதவியாளரா இருந்தவரு. குரு முடிக்காததை சிஷ்யன் முடிச்சுட்டான்னு ஒரு ஜோக் உண்டு.

நீ சொன்ன மாத்தி மாத்தி விஷயத்துக்கு காரணமும் அதுதான். முதல் புக்ல மில்லர் சாப்டர் எல்லாம் ஏப்ரஹாம் எழுதினது, ஹோல்டன் சாப்டர் எல்லாம் ஃபிராங்க் எழுதினது, அப்புறம் ஒருத்தர் எழுதினதை இன்னொருத்தர் திருத்துவாராம். அதனாலதான் ஒரு பக்கம் துப்பறியும் கதை வாசனை, இன்னொரு பக்கம் கப்பல் சாகச வாசனை. ரெண்டும் ஒரு இடத்துல போய் முட்டும், அதுவரைக்கும் பொறு.

#3 வெட்டிப்பேச்சு
நானும் ஒன்பதும் படிச்சேன், ஆனா ராத்திரி அளவுக்கு பக்தி கிடையாது. என் பிரச்சனை ஹோல்டன். இவன் யாரு? நம்ம ஃபேமிலி குரூப்ல இருக்குற பெரியப்பா. கைல ஒண்ணு கிடைச்ச உடனே, அது என்ன ஏதுன்னு விசாரிக்காம, "அனைவருக்கும் பகிரவும்". கப்பல் வெடிச்சுதா, மார்ஸ் நேவி நம்பர் போட்ட ஒரு பேட்டரி கிடைச்சுதா, உடனே சூரிய மண்டலம் முழுக்க பிராட்காஸ்ட். இதுல சண்டை வராம என்ன வரும்.

#4 தயிர்சாதம்_டப்பா
அய்யோ, பெரியப்பான்னு சொல்லிட்டீங்க, இனிமே ஹோல்டன் பேசினாலே எனக்கு காலை வணக்கம் ரோஜாப்பூ படம்தான் ஞாபகம் வரும்.

#5 ராத்திரி_ரயில்
வெட்டி, ஒரு நிமிஷம். அவன் மார்ஸ்தான் பண்ணுச்சுன்னு சொல்லவே இல்ல. எங்க கப்பல் போச்சு, இந்தப் பொருள் கிடைச்சுது, இது இன்னாரோட பொருள், அவ்வளவுதான் சொன்னான். மத்தவங்கதான் கூட்டிக் கழிச்சு முடிவு கட்டினாங்க. அதுவும் இல்லாம வெளிய சொல்லலைன்னா தப்பிச்ச அவங்க அஞ்சு பேரையும் சத்தமில்லாம முடிச்சிருப்பாங்க. உயிர் பிழைக்க ஒரே வழி ஊரைக் கூட்டுறது.

#6 வெட்டிப்பேச்சு
பெரியப்பாவும் அதான் சொல்வாரு, "நான் ஒண்ணும் சொல்லலப்பா, வந்ததைப் போட்டேன்".

#7 செம்பருத்தி
சண்டைக்கு நடுவுல ஒரு விஷயம் சொல்லிக்கிறேன். டப்பா தம்பி, மில்லர் சாப்டர் போர் அடிக்குதுன்னு தாவித் தாவிப் படிக்காதீங்க, நான் முதல் தடவை அப்படித்தான் பண்ணி கோட்டை விட்டேன். ஹோல்டன் தன் கப்பல்ல இருந்து மெசேஜை அனுப்பிட்டு அடுத்த வேலையைப் பாக்கப் போயிடுவான். அடுத்த சாப்டரைத் திறந்தா செரஸ்ல கலவரம். தண்ணிக் கப்பல் போச்சுன்னு ஜனம் தெருவுல நிக்குது, மில்லர் சம்பளத்துக்கு வேலை பாக்குற ஒரு கம்பெனி போலீஸ், அந்தக் கூட்டத்துக்கு நடுவுல போய் நிக்கணும். சாப்பிட்டது ஹோல்டன், பில்லு வர்றது மில்லர் டேபிளுக்கு. சாப்டர் மாத்தி மாத்தி வர்றதே அதுக்காகத்தான்னு எனக்கு ரெண்டாவது தடவை படிக்கும்போதுதான் உறைச்சுது.

ஆனா மில்லர்கிட்ட எனக்கு வேற ஒரு கோவம் இருக்கு. காணாமப் போன பொண்ணு ஜூலியைத் தேடுறது வேலை, சரி. நேர்ல ஒரு தடவை கூட பார்க்காத பொண்ணை, அவ வீட்டுக்குள்ள போய், அவ சாமானை எல்லாம் தொட்டுப் பார்த்து, மனசுக்குள்ள அவகூட பேச ஆரம்பிச்சு... எனக்கு உடம்பு கூசுது. இதைப் போய் காதல்னு நிறைய பேர் உருகுறாங்க.

#8 ராத்திரி_ரயில்
அக்கா, பார்க்காமலே வர்ற அன்பு நமக்கு புதுசா? கோப்பெருஞ்சோழனும் பிசிராந்தையாரும் பார்த்துக்கிட்டா பழகினாங்க?

#9 செம்பருத்தி
பிசிராந்தையார் சோழனோட பீரோவைக் குடையலப்பா.

#10 வெட்டிப்பேச்சு
முடிஞ்சுது. அக்காவுக்கு ஒரு மாலை.

#11 பிளாக்போர்டு
பிசிக்ஸ் வாத்தியார் வந்திருக்கேன், ஓடாதீங்க. இந்த நாவல் எனக்குப் பிடிச்சதுக்கு ஒரே காரணம் தரை. மத்த விண்வெளிக் கதைல கப்பல் ஏரோப்ளேன் மாதிரி இருக்கும், உள்ள எல்லாரும் சாதாரணமா நடப்பாங்க, எப்படின்னு கேக்கக் கூடாது. இங்க கப்பல் அப்பார்ட்மென்ட் மாதிரி. இன்ஜின் அடில, மாடி மேல மாடியா அடுக்கி, நடுவுல ஏணி. இன்ஜின் தள்ளும்போது தரை உங்களைத் தள்ளுது, அதுதான் எடை. இன்ஜின் நின்னா மிதக்க வேண்டியதுதான். பாதி வழி வரைக்கும் வேகத்தைக் கூட்டிட்டே போய், கப்பலைத் திருப்பி, மீதி வழி பூரா பிரேக். லிஃப்ட் ஏறும்போது ஒரு நொடி கால் கனக்குமே, அதை நாள் கணக்கா வச்சுக்கிட்டு போற மாதிரி.

ஒரு சின்னக் கணக்கு. மார்ஸ் ரொம்பக் கிட்ட வர்றப்ப சுமார் 5.5 கோடி கிலோமீட்டர். பூமி ஈர்ப்புல மூணுல ஒரு பங்கு அளவுக்கு வேகத்தைக் கூட்டிக் கூட்டிப் போனா மூணே நாள். நடுவழில நொடிக்கு 400 கிலோமீட்டருக்கு மேல போயிட்டு இருப்பீங்க. நம்ம மங்கள்யான் 2013 நவம்பர் 5 கிளம்பி 2014 செப்டம்பர் 24 போய்ச் சேர்ந்துச்சு, பத்து மாசத்துக்கு மேல. வித்தியாசம் எங்கன்னா எரிபொருள்ல. அவ்வளவு நேரம் இன்ஜினை எரிய விட எந்த ராக்கெட்லயும் சரக்கு கிடையாது. நாவல்ல எப்ஸ்டீன் டிரைவ்னு ஒண்ணை வச்சு அந்த ஒரு இடத்துல மட்டும் கண்ணை மூடச் சொல்றாங்க. ஒரே ஒரு பொய், மத்ததெல்லாம் அந்தப் பொய்க்கு விசுவாசமா நடக்குது. நல்ல டீல்.

#12 தயிர்சாதம்_டப்பா
சார் சூப்பர். அப்ப செரஸ் சுத்துறதும் கரெக்டா? உள்ள ஜனங்க நடக்குறதுக்காக அந்தக் கோளையே சுத்த விட்டுட்டாங்கன்னு வருதே.

#13 பிளாக்போர்டு
அங்கதான் தம்பி எனக்கு நெஞ்செரிச்சல். செரஸ் குறுக்களவு சுமார் 940 கிலோமீட்டர், நிஜத்துல ஒரு சுத்து சுத்த ஒன்பது மணி நேரம் எடுத்துக்குது. புக்ல சொல்ற 0.3 ஜி (பூமி ஈர்ப்புல பத்துல மூணு பங்கு) வேணும்னா 40 நிமிஷத்துக்கு ஒரு சுத்து சுத்தணும். அந்த வேகத்துல அதோட சொந்த ஈர்ப்பு பத்துல ஒரு பங்கு கூட தாங்காது, பாறையும் ஐஸும் கலந்த உருண்டை, ஈர மாவை மிக்ஸில மூடி இல்லாம போட்ட கதைதான். சுவர்ல தேட வேண்டியிருக்கும்.

டிவி சீரிஸ்ல இன்னொண்ணு, செரஸ்ல சரக்கு ஊத்தும்போது அது வளைஞ்சு வளைஞ்சு கிளாஸுக்குள்ள போகும், பார்க்க அழகு. கணக்கு போட்டேன். அவ்வளவு பெரிய உருண்டைல, பத்து சென்டிமீட்டர் உயரத்துல இருந்து ஊத்தினா விலகுறது ஒரு தலைமுடி தடிமன் கூட வராது. வளையணும்னா ஒண்ணு ஸ்டேஷன் சின்னதா இருக்கணும், இல்ல ஊத்துறவன் ஏற்கனவே ரெண்டு ரவுண்டு முடிச்சிருக்கணும்.

#14 வெட்டிப்பேச்சு
இன்னொண்ணு சேர்த்துக்கோங்க சார். சனியோட வளையத்துல இருந்து செரஸுக்கு ஐஸ் கொண்டு வர்றாங்களாம். செரஸ்லயே ஐஸ் கொட்டிக் கிடக்குன்னு டான் விண்கலம் 2015ல போய்ப் பார்த்துட்டு சொல்லிடுச்சே. ஏரிக்கரை ஆளுக்கு லாரித் தண்ணி விக்குற மாதிரி.

#15 ராத்திரி_ரயில்
புக் 2011ல வந்துச்சுய்யா, டான் போறதுக்கு முன்னாடி. டிவில அதைச் சமாளிச்சிருப்பாங்க, செரஸ்ல ஐஸ் இருந்துச்சு, பூமியும் மார்ஸும் சுரண்டிட்டுப் போயிட்டாங்கன்னு. எனக்கு அந்தத் திருத்தம் புக்கை விட பிடிச்சிருக்கு. ஏரி இருந்த ஊருக்கு லாரித் தண்ணி, அது நமக்கு புரியாத கதையா என்ன.

#16 கடல்காகம்
அண்ணாச்சிமாரே, நான் மெர்ச்சன்ட் ஷிப்ல தேர்ட் இன்ஜினியர். சொந்த ஊரு தூத்துக்குடி. #1ல கேட்ட கேள்விக்கு இப்பதான் சிக்னல் கிடைச்சுது, நடுவுல நீங்க எல்லாம் எங்கயோ போயிட்டீங்க.

போகணும். விருப்பம் இல்ல, சட்டம். டைட்டானிக் முங்கினப்புறம் 1914ல கடல்ல உயிரைக் காப்பாத்த போட்ட ஒப்பந்தம், சோலாஸ்னு சொல்லுவோம், இப்ப நடப்புல இருக்கது 1974ல போட்டது. ஆபத்து சிக்னல் கிடைச்ச கப்பலோட கேப்டன், உதவி பண்ற நிலைமைல இருந்தா முழு வேகத்துல போகணும். போக முடியலன்னா, ஏன் போகலன்னு லாக் புக்ல, அதாவது கப்பல் பதிவேட்டுல, எழுதி வைக்கணும். எழுதணும்ங்கதுதான் விஷயம். டிவில ஹோல்டன் யாருக்கும் தெரியாம அந்த சிக்னலை லாக்ல ஏத்திருவான் பாத்தீங்களா, அந்த இடத்துல எங்க மெஸ்ரூம்ல பாத்துட்டு இருந்த அத்தனை பேரும் "டேய்ய்ய்"னு கத்துனோம். லாக்ல ஏறிட்டா ஏறினதுதான்.

அப்புறம் வேற யாரும் சொல்லாத ஒண்ணு. கேன்டர்பரில ஒருத்தனுக்கு ஐஸ்ல மாட்டி கை போயிருக்கும், முத சாப்டர்லயே. எந்த ஏலியனும் வரதுக்கு முன்னாடி, அடிபட்டவனுக்கு கம்பெனி காசுல எந்த மாதிரி கை கிடைக்கும்னு பேசிட்டு இருப்பானுவ. அதைப் படிச்சதும் இது எங்க ஆளு எழுதினதுன்னு முடிவு பண்ணிட்டேன். கப்பல்ல ஒருத்தனுக்கு விரல் நசுங்கினா முத நாள் அழுகை, ரெண்டாம் நாள் இந்தப் பேச்சுதான். அந்தக் கப்பல்ல இருக்கவன் அத்தனை பேரும் வேற எங்கயும் வேலை கிடைக்காம வந்து சேந்தவன், ஹோல்டனே நேவில இருந்து துரத்தி விட்டவன். அதுவும் பாத்திருக்கேன்.

பெல்ட்டர் ஆளுக, அதான் குறுங்கோள் பக்கம் வாழுறவங்க, கையால பேசுவாங்கல்லா, ஸ்பேஸ் சூட் போட்டா தலையாட்டுறது தெரியாது, அதனால முஷ்டியை ஆட்டினா ஆமான்னு அர்த்தம், தோளைக் குலுக்குறதுக்கு பதிலா கையை விரிப்பான். எங்க இன்ஜின் ரூம்லயும் அதே. காதுல மஃப் போட்டுட்டு சத்தத்துல நிக்கயில பேச்சு கேக்காது. வால்வு திற, மூடு, போதும், ஓடுன்னு எல்லாத்துக்கும் கை. லீவுல வீட்டுக்கு வந்தாலும் அந்தப் பழக்கம் போகாது, அம்மா குழம்பு ஊத்தும்போது போதும்னு கையால காட்டுவேன், வாயில என்ன கொழுக்கட்டையான்னு கேப்பாவ.

ஒரு சம்பவம் இருக்கு, நிஜமாவே சிக்னல் வந்து போனோம், அப்புறம் எழு

#17 வெட்டிப்பேச்சு
எழு?

#18 ராத்திரி_ரயில்
சிக்னல் போயிருக்கும்.

#19 பிளாக்போர்டு
ரெண்டு வாக்கியத்துக்கு நடுவுல இருபது நிமிஷம் காத்திருக்கிறது, கதைல பூமிக்கும் மார்ஸுக்கும் நடுவுல இருக்குறதும் இதேதான். சிக்னல் ஒளி வேகத்துல போனாலும் கிட்ட இருக்கும்போது மூணு நிமிஷம், எட்டப் போனா இருபத்திரண்டு நிமிஷம். அதனாலதான் ஹோல்டன் சூரிய மண்டலத்துல தூரத்துல இருக்குற யார்கூடயும் போன் பேசவே முடியாது, மெசேஜ் போட்டுட்டு உக்காந்திருக்கணும். போட்டதை திரும்ப எடுக்கவும் முடியாது. வெட்டி சொன்ன பெரியப்பாவுக்காவது டெலீட் பட்டன் இருக்கு.

#20 தயிர்சாதம்_டப்பா
ஷெட்!!!!! 

ஹோல்டன் கூட இருந்தவன், பேசிட்டு இருக்கும்போதே, நடு வாக்கியத்துல போயிட்டான். நான் அடுத்த வரிக்குப் போயிட்டு திரும்பி வந்து படிச்சேன், தப்பா படிச்சுட்டேன்னு நினைச்சு. பக்கத்து சீட் அங்கிள் என்னாச்சு தம்பின்னு கேட்டாரு.

#21 செம்பருத்தி
ஹாஹா வந்துட்டியா அங்க. டிவிலயும் அதை அப்படியே எடுத்திருப்பாங்க. சாகப் போறான்னு முன்னாடியே காட்டிக் குடுக்குற வேலையெல்லாம் கிடையாது. சண்டை நடக்குறது வெளிய எங்கயோ, சத்தமும் கேக்காது, ஒரு குண்டு இந்தப் பக்கம் பூந்து அந்தப் பக்கம் போயிடும், நடுவுல யார் இருந்தாலும் சரி. மத்தவங்க அழக்கூட நேரமில்லாம ஓட்டையை அடைக்கணும்.

#22 காவல்காரன் (மாடரேட்டர்)
இனிமே இதுக்கு மேல கதைக்குப் போறவங்க "ஸ்பாய்லர்"னு மேல போட்டுட்டு எழுதுங்க. #20 தானாவே படிச்சுட்டு அலறினதால மன்னிச்சாச்சு.

#23 தயிர்சாதம்_டப்பா
ஒரு வாரம் கழிச்சு வர்றேன். ஸ்பாய்லர்.

முடிச்சுட்டேன். கடைசி இருநூறு பக்கம் லீவு போட்டுப் படிச்சேன் (வயித்து வலின்னு சொன்னேன், ஈராஸ் படிச்சதுக்கப்புறம் அது பொய்யும் இல்ல). ஹோல்டனும் மில்லரும் ஈராஸ்ங்கிற குறுங்கோள்ல சந்திச்சு, ஜூலி கிடைச்ச அந்த ஓட்டல் ரூம், அப்புறம் ஊர்ல அத்தனை பேரையும் கதிர்வீச்சு பாதுகாப்புன்னு சொல்லி ஷெல்டருக்குள்ள அடைக்கிறாங்களே, பதினஞ்சு லட்சம் பேர், அதுக்கப்புறம் எனக்கு ரெண்டு நாள் தூக்கம் கெட்டுது. ஜனத்துக்குள்ள பரவுற அந்த நீலக் கண்றாவியை விட, அதை உக்காந்து பரிசோதனைன்னு நோட்ஸ் எடுத்துட்டு இருக்குற புரோட்டோஜென் கம்பெனி ஆளுங்கதான் பயமா இருக்காங்க.

அந்தப் பரிசோதனையை நடத்தின டிரெஸ்டனை மில்லர் சுட்டது சரியா தப்பா? எனக்கு இன்னும் முடிவுக்கு வர முடியல.

#24 வெட்டிப்பேச்சு
ஸ்பாய்லர். எனக்கு ஈராஸ்ல வாந்தி எடுத்துட்டு துரத்துற ஜோம்பிக் கூட்டம் வந்ததும் ஒரு மார்க் போச்சு. அதுவரைக்கும் தண்ணி, சம்பளம், காத்துக்கு காசுன்னு போன கதைல திடீர்னு மந்திரக்கல். அந்த நீலக் கண்றாவி, புரோட்டோமாலிக்யூல், எதை வேணா பண்ணும்னா அப்புறம் வாத்தியார் போட்ட கணக்கெல்லாம் எதுக்கு?

டிரெஸ்டனை சுட்டது மட்டும் சரி.

#25 பிளாக்போர்டு
ஸ்பாய்லர். மந்திரக்கல் வந்த இடம் நல்லா யோசிச்ச இடம்ப்பா. சனியோட நிலா ஃபீபி. அது நிஜமாவே ஒரு வேத்தாளு. மத்த பெரிய நிலாவெல்லாம் ஒரு திசைல சுத்தும், இது எதிர் திசைல சுத்தும். வெளிய இருந்து வந்து சனியோட பிடில மாட்டினதுன்னுதான் விஞ்ஞானிகளும் நினைக்கிறாங்க, காசினி விண்கலம் 2004 ஜூன்ல பக்கத்துல போய்ப் படம் எடுத்துச்சு. கதைல என்ன பண்ணிட்டாங்கன்னா, அது தானா வரல, இருநூறு கோடி வருஷத்துக்கு முன்னாடி யாரோ பூமியைக் குறி வச்சு எறிஞ்சது, நடுவுல சனி கேட்ச் பிடிச்சிருச்சு. வானத்துல இருக்குற ஒரு நிஜமான புதிரை எடுத்து அதுக்குள்ள பூதத்தை உக்கார வச்சா நான் மார்க்கைக் குறைக்க மாட்டேன்.

#26 செம்பருத்தி
ஸ்பாய்லர். டிரெஸ்டன் விஷயத்துல எனக்கு மில்லர் சொல்ற காரணம்தான் முள்ளு மாதிரி தைக்குது. அவன் கெட்டவன்னு சுடல. அவன் பேசப் பேச நியாயம் மாதிரி படத் தொடங்கிடுச்சு, சுத்தி நின்ன மத்தவங்க முகத்துலயும் அது தெரிஞ்சுது, இன்னும் அஞ்சு நிமிஷம் விட்டா இவனை வேலைக்கு வச்சுக்குவாங்க. அதனால சுட்டான். நான் ஒரு மீட்டிங்ல இதே மாதிரி ஒருத்தரைப் பார்த்திருக்கேன், ஆளைக் குறைக்கிறதை அவ்வளவு இனிமையா, சார்ட் போட்டு, எல்லாரும் தலையாட்டிட்டு இருந்தோம், நானும்தான். என் கைல துப்பாக்கி இல்லாதது நல்லதாப் போச்சு.

ஆனா ஹோல்டன் கோவப்படுறதும் சரி. விசாரணைன்னு ஒண்ணு இருந்திருந்தா அவன்கிட்ட இருந்து எவ்வளவோ தெரிஞ்சிருக்கும். ஹோல்டன் எல்லாத்தையும் எல்லாருக்கும் சொல்லு, ஜனம் பார்த்துக்கும்ங்கிறான். மில்லர் இருபது வருஷத்துக்கு மேல அந்த ஜனத்தைத் தெருவுல பார்த்தவன், அவனுக்கு அந்த நம்பிக்கை இல்ல. புக் யார் பக்கம் சாயும்னு கடைசி வரைக்கும் பார்த்துட்டே இருந்தேன், சாயல.

#27 ராத்திரி_ரயில்
ஸ்பாய்லர். நான் ஹோல்டன் கட்சி. சுட்டதுக்கப்புறம் மில்லரை கப்பலை விட்டு அனுப்புறான் பாரு, அவ்வளவு உதவி பண்ண ஆளை. அதுவும் அவனுக்கு வலிக்கும், ஆனா செய்வான்.

டப்பா, ரெண்டாவது புக் காலிபன்ஸ் வார் உடனே ஆரம்பி. அதுல கிறிஸ்ஜென் அவசராலான்னு ஒரு பாட்டி வருவாங்க. ஐ.நா.ல பெரிய கை, புடவை, பேரப்பிள்ளைங்க மேல உசுரு, வாயைத் திறந்தா கெட்ட வார்த்தை. பார்லிமென்ட்ல இருக்க வேண்டிய ஆள் மீன் மார்க்கெட்ல வளர்ந்த மாதிரி. எங்க ஆபீஸ்ல ஒரு தெலுங்கு நண்பன்கிட்ட சொன்னேன், அவசரால எங்க பக்கத்து வீட்டுப்பேருன்னு குதிச்சான்.

நடுவுல குட்டிக் கதைகளும் இருக்கு, அதை எல்லாம் சேர்த்து மெமரிஸ் லீஜன்னு 2022ல ஒரே புக்கா போட்டுட்டாங்க. அதுல டிரைவ்னு ஒண்ணு, அந்த எப்ஸ்டீன் யாருன்னு சொல்ற கதை. மனுஷன் சொந்தக் கப்பல்ல இன்ஜினை மாத்தி டெஸ்ட் பண்றான், அது நினைச்சதை விட ரொம்ப நல்லா வேலை செய்யுது. அவ்வளவு வேகத்துல உடம்பு சீட்டோட ஒட்டிக்குது, அணைக்கிற பட்டன் ஒரு கை தூரத்துல, கையைத் தூக்க முடியல. கதை முழுக்க அதுதான்.

#28 பிளாக்போர்டு
அந்தக் கதையை ப்ளஸ் ஒன் பசங்களுக்கு நியூட்டனோட ரெண்டாம் விதி நடத்தும்போது சொன்னேன். கடைசி பெஞ்சுல ஒருத்தன், "சார், குரல்ல சொல்லி அணைக்கிற மாதிரி வச்சிருக்கலாம்ல"ன்னான். எப்ஸ்டீன் அந்த வசதியை முதல்லயே நிறுத்தி வச்சிருப்பான்டான்னேன். பசங்க உச்சு கொட்டினாங்க. விதியை விட அது நல்லா மனசுல நின்னுது.

#29 வெட்டிப்பேச்சு
படிக்க நேரமில்லாதவங்க கேளுங்க. ஆடியோல ஜெஃபர்சன் மேஸ்னு ஒருத்தர் படிச்சிருக்காரு, பெல்ட்டர் பாஷை பேப்பர்ல படிச்சா பல்லு உடையும், அவர் சொன்னா சந்தைல நிக்கிற மாதிரி இருக்கு. நாலாவது புக் சிபோலா பர்ன் எனக்கு பாதிக்கு மேல தாங்கல, ஒரே சேறும் சகதியும், அதையும் ஆடியோலதான் ஓட்டினேன், பாத்திரம் கழுவிட்டே.

#30 தயிர்சாதம்_டப்பா
குறை சொல்லிட்டே ஒன்பதையும் முடிச்சு, ஆடியோவும் கேட்டிருக்கீங்களே அண்ணா.

#31 வெட்டிப்பேச்சு
வீட்டுச் சாப்பாட்டையும் அப்படித்தான் சாப்பிடுறேன்.

#32 கடல்காகம்
சாரி, பதினொரு நாள் ஆச்சு. #16ல விட்ட இடத்துல இருந்து.

அரபிக்கடல்ல ராத்திரி ரெண்டரை மணி. நான் வாட்ச்ல கீழ இருக்கேன். மேல பிரிட்ஜ்ல இருந்து போன், வேகம் மாத்தப் போறோம், ரெடியா இருன்னாவ. ஏதோ ஒரு சின்ன படகு, மீன்பிடிப் படகா இருக்கலாம், ஆபத்து சிக்னல் வந்திருக்கு, கிட்ட இருக்கது நாங்கதான். கேப்டன் திருப்பிட்டாரு. விடிஞ்சதும் ஆபீஸ்ல இருந்து சாட்டிலைட் போன், எவ்வளவு நேரம் ஆகும், எவ்வளவு எண்ணெய் கூடுதலா எரியும்னு கேட்டாங்களாம், கேப்டன் லாக்ல எழுதியாச்சு சார்னு மட்டும் சொன்னாராம். ஹோல்டன் ஞாபகம் எனக்கு அப்பவே வந்துச்சு, அப்ப பாதி புக்ல இருந்தேன்.

ஆறு மணி நேரம் தேடினோம். டியூட்டி இல்லாதவனும் டெக்ல வந்து நின்னான், குக்கு கூட. கிடைச்சது ஒரு நீல பிளாஸ்டிக் டிரம், மூடி போட்டது, கயிறு கட்டினது. அவ்வளவுதான். அப்புறம் வேற கப்பல் வந்துச்சு, எங்களைப் போகச் சொல்லிட்டாங்க. அவங்களை யாராச்சும் எடுத்தாங்களான்னு கடைசி வரைக்கும் எங்களுக்குத் தெரியல. அடுத்த வாட்ச்ல யாரும் ஒண்ணும் பேசல, கையாலயே வேலை பாத்தோம்.

அதுக்கப்புறம் புக்கைத் திறந்தா கேன்டர்பரில ஆளாளுக்கு முனகிட்டே அந்த சிக்னலை நோக்கிப் போற பகுதியைத் திரும்பப் படிச்சேன். முனகிட்டேதான் போவோம். அது ரொம்ப சரியா எழுதியிருக்கு.

ஒரு உதவி. காலிபன்ஸ் வார் வாங்கிட்டேன், எறங்க மாட்டேங்குது, 31 சதவீதத்துல நிக்குது. நங்கூரம் போட்டு நிக்கிறோம், சிக்னல் ஒரு கோடு. சாயங்காலம் கிளம்பிட்டா அப்புறம் ரெண்டு வாரம் ஒண்ணும் கிடையாது.

#33 செம்பருத்தி
போனை பிரிட்ஜ் பக்கம் உயரமா எங்கயாவது கொண்டு போய் வச்சுப் பாருங்க தம்பி.

#34 ராத்திரி_ரயில்
அண்ணாச்சி, எறங்குச்சா?

#35 தயிர்சாதம்_டப்பா
அண்ணா எறங்குச்சா? நானும் இன்னிக்கு காலைல பஸ்ல முதல் சாப்டர் ஆரம்பிச்சேன், சேர்ந்து படிக்கலாம்.

#36 வெட்டிப்பேச்சு
லைட் டிலே. ரெண்டு வாரம் பொறுங்கப்பா.